பதற்றம் தணிந்தது

நஸ்லினுக்கு டீயின் மணம் போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இரண்டாவது அலையில் கொரோனா வந்து படுக்கையில் போட்டபோது அவளுடைய மணம், ருசி, பாதித் தலைமுடி, கல்லூரியில் ஒரு செமஸ்டர் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போனது. ருசி முதலில் திரும்பியது. முடி மெல்ல வளர்ந்தது. மணம் மட்டும் வீட்டு முகவரியை மறந்துவிட்டதுபோல் இன்னும் வெளியிலேயே அலைந்துகொண்டிருந்தது. போனவற்றுக்கு ஈடாக ஒன்று புதிதாக வந்து சேர்ந்தது. அதற்குத்தான் வீட்டில் யாரிடமும் பெயர் இல்லை.

வெயில் இறங்கும் நேரத்தில், காரணம் ஒன்றும் இல்லாமல், நெஞ்சு படபடவென்று அடிக்கும். விரல் நுனியெல்லாம் எறும்பு ஊர்வதுபோல் இருக்கும். மூச்சு பாதி வழியில் நின்றுகொண்டு, மேலே வருவதா கீழே போவதா என்று யோசிக்கும். ஆஸ்பத்திரியில் குப்புறப் படுக்க வைத்திருந்த நாட்களில், நீல உறைக்குள் இருந்த துர்கா என்ற நர்ஸ் கட்டில் கட்டிலாகப் போய், “மூச்சு விடும்மா, நல்லா மூச்சு விடு, வெக்கப்படாதே” என்று சத்தம் போட்டுக்கொண்டே இருப்பாள். பக்கத்துக் கட்டில் அம்மாள் ஒரு நாள் அந்தப் பேச்சைக் கேட்காமல் போய்விட்டாள். நெஞ்சு அடிக்கும்போதெல்லாம் நஸ்லினுக்குத் துர்காவின் குரல் கேட்கும். அதோடு அந்தக் கட்டிலும் தெரியும். இதோ நம் முறை என்று தோன்றும். கொஞ்ச நேரத்தில், சாகாமலே எல்லாம் அடங்கிவிடும். எழுந்து முகம் கழுவிக்கொண்டு வந்துவிடுவாள். அதற்கு அவளாக வைத்துக்கொண்ட பெயர் படபடப்பு.

முத்தியால்பேட்டையில் அவர்கள் வீட்டில் எதைச் சொன்னாலும் அம்மா ஜஹபர் நிஷாவிடம் இருந்த மருந்து டீதான். தலைவலி என்றாலும் டீ. அத்தா அப்துல் மாலிக்கின் ஹார்டுவேர் கடையில் ஈ ஓட்டினாலும் டீ. தூரத்துச் சொந்தத்தில் யாரோ மவுத் ஆகிவிட்டார் என்று போன் வந்தால், அதைக் கேட்டு முடிப்பதற்குள் அடுப்பில் பால் ஏறியிருக்கும். நஸ்லின் முகம் வெளுத்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் அந்த டீயில் இஞ்சி கூடும். மூக்குக்கு எட்டவில்லை என்று சொன்னால் ஏலக்காய் கூடும். அதுவும் எட்டவில்லை என்றால் அம்மாவின் கோபம் கூடும். டீ குடிப்பதால் படபடப்பு அடங்குகிறதா, டீயால்தான் அடுத்தது வருகிறதா என்று நஸ்லினுக்கு விளங்கவே இல்லை. நெஞ்சை அறிந்த டாக்டர் யாராவது சொல்லலாம். நெஞ்சில் கோளாறு இல்லை என்று நெஞ்சு டாக்டர் ஏற்கெனவே படம் எடுத்துச் சொல்லிவிட்டார். வேறு ஒரு டாக்டரைப் பார்க்கச் சொல்லிப் பெயரும் எழுதிக் கொடுத்தார். அது மனநல டாக்டர் என்று தெரிந்ததும் ஜஹபர் நிஷா அந்தச் சீட்டைப் தீப்பெட்டியைவிடச் சின்னதாக மடித்து எங்கேயோ தொலைத்துவிட்டாள்.

காரணம் இருந்தது. அக்கா ஆஃப்ரினுக்குக் கடலூரில் மாப்பிள்ளை பேசி முடித்திருந்தார்கள். ரம்ஜான் கழித்து நிக்காஹ். மாப்பிள்ளையின் தாயார் வாரம் தவறாமல் போன் செய்து, எல்லோர் நலத்தையும் விசாரித்துவிட்டு, கடைசியாக ஞாபகம் வந்ததுபோல், “சின்னவளுக்கு இப்ப எப்படி இருக்கு?” என்று கேட்பார். அந்தக் கேள்விக்கு ஜஹபர் நிஷா சொல்கிற பதிலில் நஸ்லின் கபடி விளையாடப் போகும் அளவுக்குத் தேறியிருந்தாள்.

ஆகவே கல்லூரி வாட்ஸாப் குழுவில் அந்த அறிவிப்பு வந்தபோது நஸ்லின் அதை மூன்று முறை படித்தாள். நோயிலிருந்து மீண்டு வரும் மாணவர்களுக்குத் ‘தேநீர் நல்வாழ்வுத் திட்டம்’. மாலையில் வகுப்பு முடிந்ததும் தேநீர் வழங்கப்படும். திட்டத்தின் முடிவில், தேவைப்படும் மாணவர்களை மனநல மருத்துவர் ஒருவர் கல்லூரிக்கே வந்து சந்திப்பார். கடைசி வரியைத்தான் அவள் மூன்று முறை படித்தாள். வீட்டுக்குத் தெரியாமல், கடலூருக்குத் தெரியாமல், வகுப்பு நேரத்திலேயே ஒரு டாக்டர். அன்றைக்கே பெயர் கொடுத்துவிட்டாள்.

அந்தக் கல்லூரி மூலக்குளத்தைத் தாண்டி வில்லியனூர் சாலையில் இருக்கிறது. கல்யாண மண்டபமாக எழும்பிக்கொண்டிருந்த கட்டடம், பூச்சு வேலை முடிவதற்குள் உரிமையாளர் மனம் மாறியதில் கல்லூரியானது. இன்றைக்கும் கருத்தரங்குக் கூடத்தின் ஓரத்தில் வரிசையாகக் கை கழுவும் தொட்டிகள் உண்டு. அங்கே ‘நல்வாழ்வு மையம்’ என்று ஒரு அறையும் உண்டு. வெளியே பலகை, உள்ளே கால் ஒடிந்த நாற்காலிகள். மையத்தின் இயக்குநர் முனைவர் செம்மல்.

செம்மல் வணிகவியல்காரர். மனத்தைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. அந்தக் குறையை அவர் மனத்தில் வைத்துக்கொள்ளவும் இல்லை. பதவி உயர்வுக்கு ஓர் ஆய்வுக் கட்டுரை குறைந்தது. எங்கோ சீனாவில், நோயிலிருந்து தேறும் மாணவர்கள் தேநீர் குடிப்பதையும் அவர்கள் மனநிலையையும் ஆராய்ந்திருக்கிறார்கள் என்று செல்போனில் படித்தார். சீனாவால் முடிந்தது மூலக்குளத்தால் முடியாதா என்று கேட்டார். அவருடைய அறையில் அப்போது வேறு யாரும் இல்லாததால் யாரும் மறுக்கவில்லை.

மேடையும் மைக்கும் கிடைத்தால் செம்மல் வாயில் ஆங்கிலம் நுழையாது. மைக் அணைந்ததும் தமிழ் நுழையாது. தொடக்க நாளில் அவர் தேநீரை உறிஞ்சும் முறை பற்றி நீண்ட நேரம் உரையாற்றினார். கோப்பையை இரு கைகளாலும் ஏந்த வேண்டும். கண்களை மூட வேண்டும். நறுமணத்தை உள்வாங்க வேண்டும். நறுமணம் என்றதும் எதிரில் உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்கள் மூக்கெல்லாம் நஸ்லின் மூக்கைப் போலத்தான். மற்றபடி, சீனத்து முறைப்படி பாலும் சர்க்கரையும் இல்லாத பச்சைத் தேநீர்தான் தரப்பட வேண்டும் என்பது ஆய்வின் விதி. கேன்டீன் ஆதிலட்சுமிக்கு அது சம்மதமில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து எழுந்து வந்த பிள்ளைகளுக்குக் கழுவின தண்ணீரையா கொடுப்பது என்று முதல் நாள் மட்டும் முனகினாள். இரண்டாம் நாளிலிருந்து எவர்சில்வர் டிரம்மில் வழக்கமான டீ வந்தது. பாலும் சர்க்கரையும் தாராளம். செம்மலுக்கு அது தெரியாது. அவர் டீ குடிப்பதில்லை. நெஞ்சு எரிச்சல் வரும் என்று வீட்டிலிருந்து பிளாஸ்கில் காபி கொண்டுவருவார்.

டீக்கு முன்பும் பின்பும் ஒரு கேள்வி கேட்பார். அதற்கான சொல்லைத் தேடி அவர் அகராதியைப் புரட்டி, ‘ஆங்சைட்டி’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு நேராக இருந்த முதல் தமிழ்ச் சொல்லை எடுத்துக்கொண்டார். வருகைப் பதிவு எடுப்பதுபோல் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார்.

“நஸ்லின். பதற்றம் உண்டா, இல்லையா?”

“இல்ல சார்.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. அந்தப் பதில் அவள் யோசித்துச் சொன்னதல்ல. அவள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோது, பேனர் கட்டுவதில் இரண்டு தெருப் பையன்களுக்குள் வாய்ச் சண்டை வந்து கைகலப்பானது. மறுநாள் பேப்பரில் ‘முத்தியால்பேட்டையில் பதற்றம்; போலீஸ் குவிப்பு’ என்று போட்டார்கள். தெருமுனையில் வேன் வந்து நின்றது. கடையை அத்தா பாதி ஷட்டரோடு வைத்திருந்தார். பேனருக்கும் சண்டைக்கும் சம்பந்தமே இல்லாத அவருடைய மாமா மகனை விசாரிக்க வேண்டும் என்று கூட்டிக்கொண்டு போனவர்கள் விசாரித்து முடிக்க வெகுநாள் ஆயிற்று. அப்போது அத்தா இரண்டு பெண்களையும் உட்கார வைத்துச் சொன்னார்: யார் கேட்டாலும், எப்படிக் கேட்டாலும், பதற்றம் ஒன்றும் இல்லை சார் என்றுதான் சொல்ல வேண்டும். அந்தப் பாடம் ஆங்கில இலக்கணத்தைவிட நன்றாகப் படிந்திருந்தது. கழுத்தில் அடையாள அட்டை மாட்டிய ஓர் ஆள், பெயரைக் கூப்பிட்டு, பத்துப் பேர் எதிரில், பதற்றம் உண்டா என்று கேட்டால் அவள் வாய்க்கு வேறு பதில் தெரியாது.

சரி, இவர் என்னவோ பொதுவாகக் கேட்கிறார், அடுத்ததாகப் படபடப்பு உண்டா என்று கேட்பார், அப்போது சொல்லிக்கொள்ளலாம் என்று காத்திருந்தாள். அவர் கேட்கவில்லை. மறுநாளும் கேட்கவில்லை. நேற்று இல்லை என்றவள் இன்றைக்கு உண்டு என்றால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். இல்லை என்ற பதில் ஒரு தடவை வாயிலிருந்து இறங்கிவிட்டால் அது தன் பாட்டுக்குத் தினமும் கல்லூரிக்கு வர ஆரம்பித்துவிடுகிறது. எல்லோரும் இல்லை என்றுதான் சொன்னார்கள். எல்லோரையும்விடச் சத்தமாகச் சொன்னவன் விஜய்.

விஜய் குருசுக்குப்பத்து மீனவர் வீட்டுப் பையன். கணினி அறிவியல். அவனும் அவன் அப்பாவும் ஒரே நாளில் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அவன் மட்டும் தேறித் திரும்பியிருந்தான். டீ ஏந்திய அவன் கை நடுங்குவதை நஸ்லின் கவனித்திருந்தாள். ஒரு நாள் பஸ் நிறுத்தத்தில், பஸ் வருகிறதா என்று பார்க்கிற பாவனையில், கேட்டே விட்டாள். டம்ளரை அப்படி ஆட்டிக்கொண்டு பதற்றம் இல்லை என்கிறாயே என்று.

“பதற்றம்னு சொன்னா ஜீப்பு வரும்” என்றான் விஜய். “எங்க குப்பத்துல அதுக்கு அதான் அர்த்தம். வலைத் தகராறு வந்தப்ப பேப்பர்ல அந்த வார்த்தைய போட்டான். விடியறதுக்குள்ள எங்க சித்தப்பாவ தூக்கினு போய்ட்டாங்க. நான் ஏன் வாயக் குடுக்கறேன்?”

“அப்ப கை ஏன் ஆடுது?”

“அது வேற. அது படபடன்னு வருது. அலை சத்தம் கேட்டாலே வருது. கடலுக்குப் பக்கத்துல வீடு, எங்க போய் காதப் பொத்திக்கிறது?” சிரிக்கப் பார்த்தான். “உனக்கு?”

“எனக்கும் அதேதான். பதற்றம் இல்ல. அது.”

“அத அவரு கேக்கவே இல்லயே.”

இருவருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது. விளங்கி என்ன செய்ய, பஸ் வந்துவிட்டது. வழியெல்லாம் நஸ்லின் யோசித்தாள். இப்படியே போனால் டாக்டர் யாரைப் பார்க்க வருவார்? விஜய் வர மறுத்தான். தனக்கு இன்னும் உள்மதிப்பெண் போட வேண்டியிருக்கிறது என்றான். அவள் மட்டும் மறுநாள் செம்மலின் அறைக்குப் போனாள்.

செம்மல் பிளாஸ்க் மூடியில் காபி ஊற்றிக்கொண்டிருந்தார். முகத்தில் அப்படி ஒரு நிறைவு. ஆய்வு முடிந்துவிட்டதாம். முதல் நாளே பதற்றம் இல்லை என்று எல்லோரும் சொன்னதைப் பற்றி அவருக்கு வருத்தம் இல்லையா என்றால், முதல் கோப்பையிலேயே பலன் தெரிந்துவிட்டது என்று அதற்கும் விளக்கம் வைத்திருந்தார். டீ குடிப்பதற்கு முன்பே இல்லை என்றார்களே என்று யாராவது கேட்டிருக்கலாம். கேட்கக்கூடியவர் அவர் ஒருவர்தான். அவர் கேட்டுக்கொள்ளவில்லை.

நஸ்லின் நின்றபடியே சொன்னாள். சாயங்காலம் நெஞ்சு அடிப்பதை, விரல் மரத்துப்போவதை, பக்கத்துக் கட்டிலை. சொல்லச் சொல்ல அது அங்கேயே வர ஆரம்பித்தது. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

“நீ இல்லைன்னு சொல்லியிருக்கியேம்மா” என்றார் செம்மல்.

“நீங்க பதற்றம்னு கேட்டீங்க சார். எனக்கு இருக்கறது படபடப்பு.”

அவர் காபியைக் கீழே வைத்துவிட்டுச் சிந்தித்தார். அவர் சிந்திப்பது வெளியில் நன்றாகத் தெரியும்; புருவம், மூக்குக் கண்ணாடி, கட்டைவிரல் எல்லாம் அதில் பங்கு கொள்ளும்.

“படபடப்பு பேச்சு வழக்கு” என்று கடைசியில் தீர்ப்புச் சொன்னார். “ஸ்டடியில அதுக்கு எடம் இல்ல. அது ஃபிசிகல். நல்லா சாப்பிடு, அயர்ன் டானிக் எடுத்துக்கோ.”

“டாக்டர் எப்ப சார் வராங்க?”

“கேன்சல் பண்ணியாச்சே. ஒருத்தருக்கும் இல்லைன்னு ரிசல்ட் வந்திருக்கு. அவங்க வந்து யாரைப் பாப்பாங்க, என்னையா?” என்று சிரித்தார். அதற்கு அவள் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்து, நல்ல மனிதராதலால், ஆறுதலாக வேறொன்று கொடுத்தார். வெள்ளிக்கிழமை நிறைவு விழா. பயன்பெற்ற மாணவர்கள் சார்பில் நஸ்லினே பேசட்டும். இவ்வளவு தெளிவாகத் தன் உடல்நிலையை எடுத்துச் சொல்லக்கூடிய பெண் வேறு யார் இருக்கிறார்? அவள் தலையசைத்தாள். அப்போது அவளுக்கு எப்படியாவது அந்த அறையிலிருந்து வெளியே போனால் போதும் என்றிருந்தது. தலையை வெட்டித் தருகிறாயா என்று கேட்டிருந்தாலும் அசைத்திருப்பாள்.

விழாவுக்குச் சிறப்பு விருந்தினர் மொசியே க்சாவியே. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்று பென்ஷன் வாங்கும் சொல்தா. கூடத்துக்கு மின்விசிறிகள் அளித்தவர் என்பதால் ஒவ்வொரு விழாவிலும் ஒரு மின்விசிறிக்கு நேர் கீழே அவருக்கு நாற்காலி போடுவார்கள். காது கொஞ்சம் மந்தம். மின்விசிறியின் இரைச்சலில் மிச்சமும் போய்விடும். செம்மல் மைக்கில், “மாணவர்களிடையே நிலவிய பதற்றம் முற்றிலும் தணிந்துவிட்டது” என்று முழங்கியபோது மொசியே நிமிர்ந்து உட்கார்ந்து, பக்கத்தில் இருந்தவரிடம் யாருக்கும் யாருக்கும் கலாட்டா என்று விசாரித்தார். பக்கத்தில் இருந்தவர் மரியாதைக்காக ஆமாம் என்று தலையாட்டினார்.

நஸ்லினைக் கூப்பிட்டார்கள். கையில் ஒரு பீங்கான் கோப்பையைக் கொடுத்தார்கள்; போட்டோவுக்கு எவர்சில்வர் டம்ளர் எடுபடாது. வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. அவளுக்கு வந்துவிட்டது. மைக் முன்னால் நெஞ்சு அடித்த அடி ஒலிபெருக்கியில் கேட்டுவிடுமோ என்று பயந்தாள். செம்மல் ஓரத்திலிருந்து எடுத்துக் கொடுத்தார்: “நஸ்லின், இப்போது பதற்றம் உண்டா?” முதல் வரிசைக்குப் பின்னால் விஜய் தலையைக் குனிந்துகொண்டிருந்தான். “இப்ப பதற்றம் இல்ல சார்” என்றாள். கைதட்டினார்கள். கோப்பை தட்டில் கடகடவென்று ஆடியதைக் கைதட்டல் மூடிவிட்டது.

பிறகு மொசியே க்சாவியே எழுந்தார். தமது பட்டாளத்து நாட்களில் அடிதடிக்காரர்களைத் தாம் எப்படிச் சமாதானப்படுத்தினார் என்று ஆரம்பித்து, நம்முடைய பிள்ளைகள் அடித்துக்கொள்வதை விட்டுவிட்டு ஒன்றாக உட்கார்ந்து ‘தே’, அதாவது டீ, குடித்தது மகிழ்ச்சி என்றார். இந்தப் பெண்ணையும் அந்தப் பையனையும் பாருங்கள் என்று விஜய்யைக் கைகாட்டி, “ப்ராவோ” என்று முடித்தார். செம்மலுக்கு விஷயம் புரிந்தது. ஆனாலும் மின்விசிறி கொடுத்தவரைத் திருத்துகிற வழக்கம் அந்தக் கல்லூரியில் இல்லை. மாலைப் பேப்பர் நிருபர் கூடத்துக்குள் நுழைந்தது சரியாக அந்த உரையின்போதுதான். உரையைக் கேட்டார், போட்டோ எடுத்தார், சமோசா சாப்பிட்டார், கிளம்பிவிட்டார்.

மறுநாள் சாயங்காலம் அத்தா கடையை அடைத்துவிட்டு வீட்டுக்கு வந்தார். அந்த நேரத்தில் அவர் கடையை அடைத்தால் தெருவில் ஏதோ ஆகிவிட்டது என்று அர்த்தம். செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றாமல் உள்ளே வந்து பேப்பரை நஸ்லின் முன்னால் போட்டார். எதிர் டீக்கடையில் அதைச் சத்தமாகப் படித்திருக்கிறார்கள்.

‘மூலக்குளம் அருகே கல்லூரியில் பதற்றம் தணிந்தது’ என்று தலைப்பு. மாணவர்களிடையே சில வாரங்களாக நிலவிவந்த பதற்றம் தணிந்ததை அடுத்து இரு தரப்பினரும் ஒன்றாக அமர்ந்து தேநீர் அருந்தினர். ‘இப்போது பதற்றம் இல்லை’ என்று மாணவி நஸ்லின் தெரிவித்தார். கீழே முக்காட்டோடும் பீங்கான் கோப்பையோடும் அவள் போட்டோ. முகம் வெளுத்து, அப்போதுதான் கலவரத்திலிருந்து தப்பி வந்தவள் போலவே இருந்தது.

“சில வாரமா கலாட்டா நடந்திருக்கு. வீட்ல ஒரு வார்த்தை சொன்னியா?” அத்தாவின் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் அவளுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். “இனிமே காலேஜ் வேணாம்.”

அம்மா போட்டோவைப் பார்த்தாள். பெண்பிள்ளை போட்டோ, அதுவும் கலாட்டா சேதியில், அதுவும் இந்த நேரத்தில். கடலூரிலிருந்து மூன்று முறை போன் வந்துவிட்டது, எடுக்கவில்லை என்று ஆஃப்ரின் உள்ளறையிலிருந்து மெல்லிய குரலில் சொன்னாள்.

நஸ்லின் எதிரில் இரண்டு வழிகள் இருந்தன. கலாட்டா என்று ஒப்புக்கொண்டால் கல்லூரி போய்விடும். இல்லை என்றால், பின்னே அது என்ன பதற்றம் என்று கேட்பார்கள். டாக்டர் ஏற்கெனவே போய்விட்டார். கல்லூரியும் போனால் வெயில் இறங்கும் நேரம் முழுவதும் இந்த வீட்டுக்குள்தான். அவள் இரண்டாவது வழியில் இறங்கினாள்.

“கலாட்டா எதுவும் நடக்கலத்தா. யாரும் யாரையும் அடிக்கல. அது தெருவுல வர பதற்றம் இல்ல.” கையை நெஞ்சில் வைத்தாள். “இங்க. ஆஸ்பத்திரிலேருந்து வந்ததுலேருந்து இருக்குது. தினம் செத்துடுவேன்னு நெனைக்கிறேன். டாக்டர் வருவாங்கன்னுதான் அந்த டீக்குப் போனேன்.”

ஜஹபர் நிஷா எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினாள். பக்கத்து வீட்டில் யாரும் இல்லை என்பது அவளுக்குத் தெரியும், இருந்தாலும் சாத்தினாள்.

அப்துல் மாலிக் பேப்பரை நாலாக மடித்து ஓரமாக வைத்தார். பிறகு, தரையைப் பார்த்துக்கொண்டு, சாமான் விலை சொல்கிற குரலில் சொன்னார்:

“எனக்கும் இருக்குது. உனக்கு ஆக்சிஜன் சிலிண்டருக்கு அலைஞ்சேன்ல, அப்பலேருந்து. கடையில உக்காந்திருக்கறப்ப வரும். எதிர்ல டீ சொல்லிடுவேன். டம்ளர் மேல குனிஞ்சிக்கிட்டா யாரும் மூஞ்சியப் பாக்க மாட்டாங்க.”

அவர் ஒரு நாளைக்கு ஏன் அத்தனை டீ குடிக்கிறார் என்று அந்த வீட்டில் பல முறை சண்டை நடந்திருக்கிறது. சர்க்கரை ஏறிவிடும் என்று அம்மா கத்தியிருக்கிறாள். இப்போது அவள் கணவரைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள். நஸ்லினுக்கு ஒரு நிமிஷம் எல்லாம் சரியாகிவிடும்போல் இருந்தது. அத்தாவுக்கும் இருக்கிறது என்றால் அத்தாவே கூட்டிக்கொண்டு போவார். இரண்டு பேரும் சேர்ந்து ஒரே டாக்டரைப் பார்க்கலாம். அவரும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும், சட்டைப் பையைத் தடவி மூக்குக் கண்ணாடியை எடுத்து, “அந்தச் சீட்டு எங்க வெச்ச நிஷா?” என்று கேட்டார்.

அப்போது கடலூரிலிருந்து நான்காவது முறை போன் அடித்தது.

அது அடித்து ஓய்வதற்குள் ஜஹபர் நிஷா முடிவெடுத்துவிட்டாள். மனசு டாக்டரிடம் போகிற பெண் இருக்கிற வீடு, அப்பனுக்கும் அதே வியாதி இருக்கிற வீடு என்று தெரிந்தால் ஆஃப்ரின் கதி என்ன? நாலு பேர் அடித்துக்கொண்டது ஊர் உலகத்தில் நடக்கிறதுதான். அதில் நம் பிள்ளை டீ கொடுத்துச் சமாதானம் செய்து வைத்தாள் என்றால் கௌரவமும்கூட. பேப்பரிலேயே போட்டிருக்கிறான். நாமே ஏன் இல்லை என்று சொல்ல வேண்டும்?

“கலாட்டான்னே சொல்லுங்க” என்று போனைக் கணவர் கையில் கொடுத்தாள்.

அப்துல் மாலிக் மகளைப் பார்க்காமல் போனைக் காதில் வைத்தார். “ஆமா சம்பந்தி... சின்னத் தகராறுதான்... ஆமா, நம்ம புள்ளதான் பேசி முடிச்சி வெச்சா... இல்ல இல்ல, இப்ப பதற்றம் எதுவும் இல்ல.” எதிர்முனை ஏதோ கேட்டது. அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். “அந்த மாதிரி எடத்துக்கு இனிமே எதுக்கு அனுப்பறோம்? நிறுத்தியாச்சு.”

அவ்வளவுதான். கலாட்டா என்றால் கலாட்டாவுக்கு உரிய மரியாதையைக் கொடுக்க வேண்டுமல்லவா? கலாட்டா நடக்கிற கல்லூரிக்கு எந்த மனிதன் பெண்ணை அனுப்புவான்? செம்மலின் கட்டுரை எங்கோ ஓர் இதழில் வெளிவந்து அவர் பேராசிரியர் ஆவார். ஆதிலட்சுமியின் டிரம் இனிக் கேன்டீனிலேயே கிடக்கும். விஜய் மட்டும் பஸ் நிறுத்தத்தில் ஒரு நாள் இரண்டு நாள் தேடிப் பார்ப்பான்.

அம்மா சமையலறைக்குப் போனாள். இஞ்சி தட்டும் சத்தம் கேட்டது, வழக்கத்தைவிடப் பலமாக. மூன்று டம்ளர்களோடு வந்தாள். ஒன்றை அத்தாவிடம் வைத்தாள், ஒன்றை நஸ்லினிடம். அவள் கண் சிவந்திருந்தது. குரல் மட்டும் எப்போதும் போலத்தான் இருந்தது.

“அக்கா நிக்காஹ் முடியட்டும். அப்புறம் பாத்துக்கலாம். ரெண்டு பேரையும் நானே கூட்டினு போறேன், இந்த ஊர்ல வேணாம், வேற எங்கயாவது.” நஸ்லினின் முக்காட்டைச் சரிசெய்துவிட்டாள். “அது வரைக்கும் இதைப் பத்தி வெளிய மூச்சு விடக் கூடாது. புரிஞ்சிதா?”

அத்தா டம்ளர் மேல் குனிந்திருந்தார். நஸ்லினும் தன் டம்ளரை இரண்டு கைகளாலும் ஏந்திக் குனிந்துகொண்டாள். ஆவி முகத்தில் அடித்தது. மணம் ஒன்றும் வரவில்லை. வெளியே வெயில் இறங்கிக்கொண்டிருந்தது.

“சரிம்மா” என்றாள்.